தேம்பாவணியின் பாதுகாவலர்

தேம்பாவணியைக் கத்தோலிக்கர் நூலென்று தொடாதிருப்போரும், கத்தோலிக்கர் நூலென்பதனாலேயே படியாமற் புகழ்வோரும் நம்மிடையே உளர். இவ்விரு திறத்தாரும் எழுப்பாத வினா ஒன்றுண்டு. ஓர் அர்ச்சியசிஷ்டரைக் காப்பியத் தலைவராக்கிய வீரமாமுனிவர், அவரை எத்தகைய பாதுகாவலராக நமக்குக் காட்டினார்?

பாதுகாவலர் என்பது கத்தோலிக்கர் இல்லங்களில் அன்றாடம் வழங்குஞ் சொல். ஞானஸ்நானத்தில் இடப்பெறும் சூசை, அந்தோணி, சவரிமுத்து, அன்னம்மாள் என்னும் பெயர்கள் யாவும் பாதுகாவலர் பெயர்களே. ஊர்க் கோயிலுக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர், நோய்க்கும் ஒருவர். புக்கிட் மெர்தாஜாமில் ஜூலை 26-ஐ ஒட்டி நிகழும் அன்னம்மாள் திருவிழாவுக்கு நம்மவர் திரள்வதைப் பிற சமயத்தாரும் அறிவர். ஆராதனை கடவுளுக்கே உரியது; அர்ச்சியசிஷ்டருக்குச் செலுத்துவது வணக்கம்; அவர்கள் நமக்காக மன்றாடுவோர், நாம் பின்பற்றத்தக்க மாதிரிகள். திருச்சபையின் கொள்கை இதுவே. 1563-இல் திரெந்து சங்கம் இதனை உறுதிசெய்தபோது, இவ்வணக்கத்தில் மூடவழக்கமும் இழிந்த ஆதாயமும் புகலாகாதென்றும், திருநாட்களைக் குடிக்கும் களியாட்டத்துக்கும் இடமாக்கலாகாதென்றும் கட்டளையிட்டது. கள்ளுக்கடையால் அழிந்த குடும்பங்களைக் கண்ட நம் தோட்டத்து மக்களுக்கு இக்கட்டளையின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மன்றாடுவோர், மாதிரி என்ற இரண்டனுள் மக்கள் பெரிதும் பற்றுவது முன்னதையே. நேர்ச்சையும் மெழுகுதிரியும் பெருக, அடியாரின் வாழ்வு மறக்கப்படுகிறது. அவ்வாழ்வை நினைப்பூட்டுவது காப்பியத்தின் கடன்.

சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லேனும் சுவிசேஷங்களில் இல்லை. தச்சர் என்றும் நீதிமான் என்றும் அறிகிறோம், அவ்வளவே. அந்த மௌனத்தினின்று இத்தாலி நாட்டு முனிவர் (1680–1747) 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்களை எழுப்பினார். சூசை என்பதை ஒலிபெயர்ப்பாக விடாது, எபிரேயப் பெயரின் பொருளறிந்து வளன் என்று தமிழாக்கிய திறம் ஒன்றே அவர் புலமைக்குப் போதிய சான்று. வணிகனைத் தலைவனாக்கிய சிலப்பதிகாரம் நமக்குண்டு. உளிபிடித்த கையினனைத் தலைவனாக்கிய பெருங்காப்பியம் வேறு யாம் கண்டிலோம்.

ஆயினும் அவ்வுளி நூலில் எத்துணை மின்னுகிறது? நாட்டுப் படலமும் நகரப் படலமும் காப்பிய மரபின்படி முன்னே வருகின்றன. தாவீதின் அரச குலம் விரிந்து பேசப்படுகிறது. இறுதியில் வருவது முடிசூட்டு படலம். தாவீதின் மரபு வேதத்திலும் உள்ளதே; அதனை நாம் குறைகூறவில்லை. எனினும், தன்னேரில்லாத் தலைவன் வேண்டுமென்ற அணியிலக்கணத்துக்கு அஞ்சித் தச்சருக்கு அரசக்கோலம் புனைந்தாரோ என்ற ஐயம் நமக்கு நீங்கவில்லை. முடிசூடியவரிடம் வரம் கேட்பது எளிது. அவரைப்போல் வாழ்வது யார்க்குத் தோன்றும்?

இக்குறையினின்று நூலைக் காப்பன இரண்டு இடங்கள். பால மாட்சிப் படலத்தில், துறவு நாடிக் காடேகும் சிறுவனை வானவர் ஒருவர் முதியவராய் வந்து தடுத்து, இல்லறத்தில் நின்று பிறர்க்குப் பயன்படும் நெறியை உணர்த்துகிறார். துறவியான கவி, துறவைக் கீழிறக்கி இல்லத்தை உயர்த்தியது சிறுசெயலன்று. மற்றொன்று பிணி தோற்று படலம். அங்கே மாட்சிமையெல்லாம் விலக, நோயுற்ற ஒரு மனிதரே நம் முன் கிடக்கிறார். நன்மரணத்துக்குப் பாதுகாவலராக அவரைக் கத்தோலிக்கர் ஏன் அழைக்கின்றனர் என்பதை எந்தப் பிரசங்கத்தினும் இப்படலம் தெளிவாய் விளக்கும்.

1870-இல் 9-ஆம் பத்திநாதர் அவரைத் திருச்சபை முழுமைக்கும் பாதுகாவலராக அறிவித்தார். தொழிலாளரான சூசையப்பர் என்ற பெயரால் மே 1-ஐத் திருநாளாக்கியவர் 12-ஆம் பத்திநாதர், அது 1955-இல். தேம்பாவணி பாடப்பெற்றதோ 1726-இல். மகுடத்துக்குப் பின் உளி வந்துசேர 229 ஆண்டுகள் சென்றன!

மே முதல் நாளில் கொடியேற்றிக் கூடும் அன்பர்கள் ஒன்று செய்யலாம். பால மாட்சிப் படலத்தை மட்டுமாவது எளிய உரையுடன் சிறு புத்தகமாக்கித் தொழிலாளர் கையிற் கொடுக்கலாம்.