இடைவேளையில் எழுந்து போகாதீர்கள்

டாலஸுக்கு வடக்கே உள்ள புறநகர் ஆலன். அங்கே அரசுப் பள்ளி மாணவர்களின் அமெரிக்கக் கால்பந்துக்காக 2012இல் 18,000 இருக்கைகளுடன் ஓர் அரங்கம் திறந்தார்கள். செலவு சுமார் 6 கோடி டாலர். ஊரார் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட கடன். 2014இல் கான்கிரீட் விரிசலால் மூடி, மறு ஆண்டு திறந்தார்கள்.

எனக்குப் பிடித்தது ஆட்டமல்ல, இடைவேளையில் இறங்கும் பள்ளி பேண்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நடந்துகொண்டே வாசிப்பார்கள். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒலி போய்ச்சேரக் கால் வினாடிக்கு மேலாகும். தூரத்து முரசைக் கேட்டு வாசித்தால் தாளம் பிசகும். அதனால் காதை நம்பாமல், தாளம் காட்டுபவரின் கையையே பார்த்து வாசிக்கிறார்கள். பதினைந்து வயதில் இது சாமானியமா? ஆட்டத்தில் புள்ளி தரும் டச்டவுனைவிட இதற்கே என் கைதட்டல்.