கேர்னல் எழுத ஒரு பழைய டெல்

சொந்தமாக ஒரு இயங்குதளம் எழுதிப் பார்க்கும் ஆசையோடு பழைய லெப்டொப் தேடிப் போனால், விற்பவர் ஐ5, ஐ7, எத்தனையாவது தலைமுறை என்றுதான் பேச்சைத் தொடங்குவார். இந்த வேலைக்கு அவை எதுவும் தேவையில்லை. சில மாதங்களாகத் தலவாக்கலையில் என் மேசையில் இருப்பது டெல் லாட்டிட்யூட் டி630. 2007இல் வந்த மொடல். கோர் 2 டியோ, 64 பிட், பதினான்கு அங்குலத் திரை. மற்றதெல்லாம் தெரிந்த கதை. அதன் முதுகில், விஜிஏ துவாரத்தோடு சேர்ந்த வரிசையில், ஒன்பது ஊசிகளுடன் ஒரு சீரியல் போர்ட் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இயங்குதளத்தின் கருவான கேர்னல், புதிதாக எழுதும்போது அடிக்கடி செத்துப் போகும். ஒரு பிழை எழும், அதைக் கையாள வேண்டிய நிரலும் தவறும், அதற்கு அடுத்ததும் தவறினால் செயலி தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். ட்ரிப்பிள் ஃபோல்ட் என்று சொல்வது இதைத்தான். திரையில் டெல் சின்னம் வரும், போகும், மறுபடி வரும். எந்த வரியில் செத்தது என்று திரை சொல்லாது.

சீரியல் போர்ட் சொல்லும். யூஎஸ்பி வழியாக ஓர் எழுத்தை வெளியே அனுப்ப ஆயிரக்கணக்கான வரிகளில் டிரைவர் எழுத வேண்டும். சீரியலுக்குப் பத்துப் பன்னிரண்டு வரி போதும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையில் இருந்த 8250 சிப்பின் பழக்கங்களையே இதுவும் பின்பற்றுகிறது. வேகத்தை வினாடிக்கு 115,200 பிட் என்று அமைக்கவும், அனுப்பும் இடம் காலியா என்று ஒரு பிட்டைப் பார்க்கவும், எழுத்தைத் தள்ளிவிடவும். நினைவக மேலாண்மையும் வேண்டாம், இன்டரப்டும் வேண்டாம். கேர்னல் கடைசியாகச் சொன்னது பக்கத்துக் கணினியில் பத்திரமாக இருக்கும்.

நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷமும் இந்தப் போர்ட்டில் கிடைத்தது. விஜிஏ எழுத்துத் திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் எட்டு ஒன்பது புள்ளிதான். அதில் 'ண'வை அடைக்க முடியாது. சீரியலில் போவதோ வெறும் பைட்டுகள். 'வணக்கம்' என்பது யூடிஎஃப்-8இல் 21 பைட். அவற்றை அப்படியே அனுப்பினால் மறுமுனையில் உள்ள டெர்மினல் தமிழாக வரைந்து தரும். கொம்புகள் சில இடங்களில் சற்று விலகி விழும், ஆனாலும் வாசிக்கலாம். எழுத்துரு என்று ஒரு புள்ளிகூட இல்லாத என் கேர்னல், எழுந்த முதல் நொடியிலேயே தமிழில் பேசுகிறது. இதைப் பார்ப்பதற்காகவே இந்த இயந்திரத்தை வாங்கலாம்.

இத்தனைக்கும், கணினியை மென்பொருளிலேயே போலச் செய்யும் கியூஎமு போதாதா என்று கேட்பார்கள். அங்கேதான் தொடங்க வேண்டும், பணமும் மிச்சம். ஆனால் கியூஎமு மிகவும் கருணையானது. அது தரும் நினைவகம் சுத்தமாகப் பூச்சியத்தில் தொடங்கும். உண்மையான லெப்டொப்பில் அங்கே குப்பை கிடக்கும். பென்டிரைவிலிருந்து தொடங்கும்போது, பூட் செக்டரின் சில பைட்டுகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும் பயாஸ்களும் உண்டு. இதையெல்லாம் இரும்பில் ஓட்டித்தான் கற்க முடியும்.

திங்க்பேட் மீது எனக்கு நெடுநாள் பாசம். அதன் கீபோர்டுக்கு ஈடு இல்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் டி60இலும் டி61இலும் சீரியல் போர்ட் நேரடியாகக் கிடையாது, துணைக்கருவி தேட வேண்டும். 2011இன் எக்ஸ்220 அருமையான இயந்திரம். யூஇஎஃப்ஐ கற்க விரும்புபவர் அதைத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் டி630இல் பழைய பயாஸ் மட்டுமே. ஆனால் எக்ஸ்220இலும் அந்த ஒன்பது ஊசிகள் இல்லை.

டி630இல் இரண்டு வகை உண்டு. என்விடியா கிராஃபிக்ஸ் உள்ளதைத் தொடவே வேண்டாம். அக்காலத்து லெப்டொப் சிப்கள் சில பழுதாவதை 2008இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, பெருந்தொகை ஒதுக்கியது. இன்டெல் 965 உள்ளதை வாங்குங்கள். அதன் கிராஃபிக்ஸ் கையேடுகளை 2008இல் இன்டெல் பொதுவில் வெளியிட்டது. ஒரு நாள் கிராஃபிக்ஸ் டிரைவர் எழுதும் துணிவு வந்தால், தேவையான தகவல் கையில் இருக்கும்.

சார்ஜர் விஷயத்தில் டெல்லின் பிடிவாதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. நடு ஊசி வழியாகச் சார்ஜரின் அடையாளத்தைக் கேட்கும். பதில் வராவிட்டால் பெட்டரியை ஏற்றாது, செயலியின் வேகத்தையும் குறைக்கும். அசல் சார்ஜர் சுலபமாகக் கிடைக்காத மலையகத்தில் இது பெரிய தொல்லை. மழைக் காலத்தில் கரண்ட் போனால், ஏறாத பெட்டரியால் என்ன பயன்? லெப்டொப்போடு அசல் சார்ஜரையும் கேட்டு வாங்குங்கள்.

சீரியல் போர்ட்டைப் பக்கத்துக் கணினியோடு இணைக்கும் கேபிளுக்கு அதிகம் செலவில்லை. இரண்டு பெண் இணைப்பிகள், மூன்று வயர். இரண்டாம் ஊசியை மறுமுனையின் மூன்றாவதோடும், மூன்றாவதை இரண்டாவதோடும், ஐந்தை ஐந்தோடும் பற்றவைத்தால் சரி. ரேடியோ திருத்தும் கடையில் சில நிமிட வேலை. மறுமுனையில் யூஎஸ்பி அடப்டர் வாங்கும்போது ஆர்எஸ்-232 வகையா என்று பாருங்கள். சின்னப் பலகையாகக் கிடைக்கும் டிடிஎல் அடப்டர் ஐந்து வோல்ட்டுக்குள் வேலை செய்வது. சீரியல் போர்ட்டின் மின்னழுத்தம் அதைக் கருக்கிவிடும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இயங்குதளத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஒரு பாடசாலையில் இப்படி ஒன்று இருந்தால், பாடத்தில் படித்ததை அவர்களே எழுதி ஓட்டலாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கோ ஹட்டனுக்கோ போகிறவர்கள், முதலில் லெப்டொப்பைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பிறகு எஃப்2 அழுத்தி, பயாஸ் கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.