பாரத்தில் இல்லாத கேள்வி

கிள்ளானில் எனக்குத் தெரிந்த லாரி ஓட்டுநர் ஒருவர், பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கப் போனார். கல் இல்லை, இடது சிறுநீரகத்தில் கட்டி இருந்தது. வலியும் இல்லை, சிறுநீரில் இரத்தமும் இல்லை. நிரப்பக் கொடுத்த பாரத்தில் புகை, பிபி, இனிப்புநீர், எடை, குடும்பத்தில் புற்றுநோய் என்று கேட்டிருந்தார்கள். “சிகரெட்டு இருபது வருசம், பிபிக்கு மாத்திரை, வயித்த நீங்களே பாக்குறீங்க. நானா இழுத்து விட்டுக்கிட்டதா அண்ணே?” என்றார்.

அந்தப் பாரத்தின் பின்னால் இருப்பது பல நாடுகளில் லட்சக்கணக்கானோரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த உழைப்பு. எங்கே எண்ணினாலும் புகை, பருமன், உயர் இரத்த அழுத்தம் மூன்றும் தலைகாட்டுகின்றன. உடல் நிறை எண் 5 கூடினால் சிறுநீரகப் புற்றின் வாய்ப்பு ஆண்களுக்கு 24, பெண்களுக்கு 34 விழுக்காடு ஏறுகிறது என்று 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஐந்தடி ஐந்தங்குல ஆளுக்கு அது பதின்மூன்று பதினான்கு கிலோ. மலேசியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் எடை மிகுந்தவர்கள் என்கிறது 2023இன் தேசிய உடல்நல ஆய்வு. எடையைக் குறை என்று டாக்டர் சொல்வதில் பிழையே இல்லை.

ஆனால் 24 விழுக்காடு என்பது சிறிய எண்ணின் மேல் ஏறும் 24. தொந்தியோடு தே தாரிக் குடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வரப்போவதில்லை. இரத்த அழுத்தக் கணக்கில் இன்னொரு சிக்கல்: சிறுநீரகக் கட்டியே அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும், பிபிக்காக கிளினிக்குக்கு நடையாய் நடப்பவர் அடிக்கடி ஸ்கேனுக்கும் போவார், கட்டியும் அதிகம் கண்ணில் படும். முன்னது எது, பின்னது எது?

2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு வேறு வழியில் போனது. ஆளைக் கேட்காமல் கட்டியைக் கேட்டது. சில நச்சுகள் டிஎன்ஏவில் தமக்கே உரிய கீறலை விட்டுப்போகும். 11 நாடுகளின் 962 கட்டிகளில் அதைத் தேடினார்கள். புகையிலையின் கீறல் புகைப் பழக்கத்தோடு பொருந்தியது. பருமனுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கீறலே இல்லை! அவை குற்றமற்றவை என்று இதற்குப் பொருளல்ல. டிஎன்ஏவைக் கீறாமல் வேறு வழியில் நோயை வளர்க்கலாம். ஜப்பானியக் கட்டிகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஒரு கீறல். காரணம் இன்னும் பிடிபடவில்லை.

எனக்கு உறுத்துவது தாய்லாந்து. அங்கிருந்து வந்தவை ஐந்தே கட்டிகள். பெரும்பாலானவற்றில், சில மூலிகைச் செடிகளில் இருக்கும் நச்சான அரிஸ்டோலோகிக் அமிலத்தின் கீறல். ருமேனியாவிலும் செர்பியாவிலும் இதே கதை. பெல்ஜியத்தில் மெலிவதற்காக மூலிகை மாத்திரை விழுங்கிய பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993இல் வெளியே வந்தது. மாத்திரையில் வேர் மாறி, அந்த அமிலம் உள்ள செடியின் வேர் சேர்ந்துவிட்டதே காரணம். அவர்களில் சிறுநீரகங்கள் அகற்றப்பட்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று இருந்ததை 2000இல் பதிவு செய்தார்கள். நம் ஆடுதின்னாப்பாளையும் அந்தச் செடியின் குடும்பமே. ஆடு தின்னாது என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் பூச்சி மருந்தாக நாம் குடித்தோம்.

ஐந்தை வைத்து ஒரு நாட்டை அளக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் மலேசியக் கட்டி ஒன்றுகூட அந்த 962இல் இல்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்து, இரத்தத்தையும் சேமித்துத் தொடர்ந்து கவனிக்கிறது. நோய்க்கு முன்பே கேட்டுவைப்பது பெரிய பலம். நோயாளியின் நினைவை நம்ப வேண்டியதில்லை. ஆயினும் அரிதான நோய்க்கு ஒரு லட்சமும் போதாது. புற்றுநோய்ப் பதிவேட்டிலோ நாம் ‘இந்தியர்’ என்ற ஒரே கட்டம். பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழரும், மலையாளியும், புகையிலையைத் தொடக்கூடாத சீக்கியரும் அதற்குள் ஒன்றாக அடைபட்டுக் கிடக்கிறோம்.

ஓட்டுநரிடம் நாட்டு மருந்து எதுவும் சாப்பிட்டதுண்டா என்று கேட்டேன். இடுப்பு வலிக்கு மூன்று நாலு வருசம் ஒரு சூரணம் வாங்கிக் குடித்தாராம். என்ன சூரணம்?

“பேரெல்லாம் தெரியாதுண்ணே. பிளாஸ்டிக்ல கட்டிக் கொடுப்பாங்க. இத யாரும் கேக்கலையே.”