பூட்டும் விரலும்

புதிய தொழில்நுட்பம் குறித்து நம்மவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இரு வகையாகவே அமைகின்றன. வியந்து வரவேற்பது ஒன்று. ஃபித்னாவென்று அஞ்சி ஒதுங்குவது மற்றொன்று. கருவி வந்தபின் பொறுப்பு யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகிறது என்னும் வினாவை இரு சாராரும் எழுப்பக் காணோம். விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை; திண்டுக்கல் பூட்டே போதும்.

தகட்டை வெட்டி, உள்ளே லீவர்களை அடுக்கி, அவற்றிற்கேற்பச் சாவியை அரத்தால் அராவிப் பொருத்துவது இவ்வூர்ப் பட்டறைகளின் கைவினை. மாங்காய்ப் பூட்டு அதில் பெயர் பெற்றது. பூட்டுக்குப் பூட்டு சாவியின் வெட்டு வேறுபடும். செய்தவரின் அறிவு அவர் கையில். சாவி வாங்கியவரின் மடியில். மூன்றாமவருக்கு அங்கே இடமில்லை.

அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்திறங்கியபின் பட்டறைகள் மெலிந்தன. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத்தக்கதே. ஆயினும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது பெயரை மட்டுமே. வேற்றூரில் செய்ததைத் திண்டுக்கல் பூட்டென்று விற்பதை அது தடுக்கும். அரம் பிடிப்பவரின் கூலியை உயர்த்தாது, அவருக்குப் பின் ஓர் இளைஞரையும் பட்டறைக்கு அழைத்து வராது.

இப்போது சாவியே இல்லாத பூட்டுகள் வந்துள்ளன: எண்ணை அழுத்தினால் திறப்பவை, விரலை வைத்தால் திறப்பவை. முதல் வகை புதிதன்று. அர்துகிய அரசவையில் பணியாற்றிய அல்-ஜஸரீ ஹிஜ்ரி 602இல் (கி.பி. 1206) நிறைவு செய்த நூலில், எழுத்துகளைச் சுழற்றித் திறக்கும் பெட்டிப் பூட்டொன்றை விளக்கியுள்ளார். பெருமைக்காக இதனைக் கூறவில்லை. அப்பெருமைக்கு நம் மேடைகளில் குறைவில்லை. அந்த இரகசியம் பெட்டிக்குரியவரின் நெஞ்சில் இருந்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. இரகசிய எழுத்து வெளிப்பட்டால் வேறொன்றைக் கொள்ளலாம். விரலை எங்ஙனம் மாற்றுவது?

விரல் இன்று வீட்டுக் கதவோடு நிற்கவில்லை. 2020 முதல் தமிழகத்தின் நியாய விலைக் கடைகளில் அரிசி பெறவும் அதுவே சாவியாயிற்று. கருவிழிப் பதிவுக் கருவிகளும் பின்னர் வந்தன. முன்பு குடும்ப அட்டை சான்றாயிருந்தது, கடைக்காரர் முகமறிந்தவர். இப்போது இவர் இன்னார்தாம் என்பதை எங்கோ உள்ள தரவுத் தொகுப்பு உறுதி செய்ய வேண்டும். முதியோர்க்கும் கைத்தொழிலாளர்க்கும் ரேகை தேய்வது இயல்பு. ஆயுள் முழுதும் சாவி அராவிய விரலையே கருவி அறியாது போகலாம். பிழை கருவியினுடையது, மெய்ப்பிக்கும் சுமையோ வரிசையில் நிற்பவருடையது. பொறுப்பு இடம் மாறியது இங்கேதான். போலி அட்டைகளை ஒழிக்கும் நோக்கத்தை நாம் மறுக்கவில்லை. அதன் விலையை எளியவர் மட்டுமே செலுத்துவதைத்தான் மறுக்கிறோம்.

ரேகை பொருந்தாமையால் எவருக்கும் உதவி மறுக்கப்படாது என்று அரசுத் தரப்பு அளித்த உறுதியை, உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஆதார் தீர்ப்பில் பதிவு செய்துள்ளது. கடைவாசலில் திரும்பி அனுப்பப்படும் மூதாட்டிக்கு அவ்வுறுதியைப் பற்றி யார் கூறுவார்? மஹல்லாதோறும் இத்தகையோரைக் கணக்கெடுத்து, வட்ட வழங்கல் அலுவலகத்தில் அவர்களுக்காக மனு எழுதித் தருவது நம் ஜமாஅத்துகளுக்கு இயலாத பணியன்று.