மகிழ மரத்தடி வகுப்பு

கொல்கத்தாவிலிருந்து போல்பூருக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதை ஒட்டியதுதான் சாந்திநிகேதன். தாகூர் 1901இல் தொடங்கிய பள்ளி இன்று பாட பவனம். அங்கே படிக்கும் சின்னப் பிள்ளைகளிடம் புத்தகத்தோடு ஓர் ஆசனமும் இருக்கும். உட்காருவதற்கான சிறு விரிப்பு, அவ்வளவுதான். மணி அடித்ததும் அதைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மரத்தடிக்கு ஓடுகிறார்கள். உதறும்போது செம்மண் தூசி பறக்கிறது. அப்புறம் ஆசிரியரைச் சுற்றி அரைவட்டம்.

மாந்தோப்பு, சால மரச் சாலை, மகிழ மர வரிசை எல்லாமே வகுப்பறைகள். மாம்பூ உதிரும் மாதங்களில் கணக்கு நோட்டில் பூந்தாது ஒட்டும். சருகில் அணில் ஓடினால் பத்துத் தலையாவது திரும்பும். ஆசிரியர் குரலை உயர்த்தாமல் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான். சுவர் இல்லாத இடத்தில் இருபது குழந்தைகளைக் குரலால் மட்டுமே பிடித்து வைத்திருப்பது லேசான வித்தை அல்ல. பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு: பக்கத்து மரத்தடிப் பாட்டு காதில் விழ, தன் பாடத்தில் மனத்தை நிறுத்தப் பழகுகிறார்கள். குளிரூட்டிய அறையில் இது கைவராது.

மழை வந்தால் மட்டும் கூரையைத் தேடிப் போகிறார்கள். சாந்திநிகேதனைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே வார விடுமுறை ஞாயிறு அல்ல, புதன். வகுப்பு நடந்தால் தள்ளி நின்றே பாருங்கள்.