கைக்குள் வந்த கதிர்க்குருவி: வளையமிடும் முறையின் பலமும் வரம்பும்

நாணல் கதிர்க்குருவிகளைத் தொலைவிலிருந்து பார்த்து இனம் பிரிப்பது தேர்ந்த பறவை நோக்கர்களுக்கே கடினம். மேலே பழுப்பு, கீழே வெளிர் நிறம், கண்ணுக்கு மேல் மங்கலான கோடு என்று பல இனங்களுக்கும் ஒரே தோற்றம்தான். போதாததற்கு அவை புதருக்குள்ளேயே திரிகின்றன. மெல்லிய வலையில் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடுவிக்கும் முறை இங்கேதான் கைகொடுக்கிறது. 1899-இல் டென்மார்க்கில் மோர்டென்சன் என்பவர் ஸ்டார்லிங் பறவைகளுக்கு அலுமினிய வளையம் மாட்டியது அவற்றின் போக்குவரத்தை அறிவதற்காக. இனம் காண்பதற்கும் அம்முறை எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பெரிய அலகு நாணல் கதிர்க்குருவியின் வரலாறு காட்டுகிறது.

1867 நவம்பரில் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இமாசலத்தின் ராம்பூர் அருகே, சட்லஜ் பள்ளத்தாக்கில் ஒரு குருவியைச் சேகரித்தார். அது தனி இனமா, வேறொரு இனத்தின் விதிவிலக்கான பறவையா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. தனி இனம்தான் என்று 2002-இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. 2006 மார்ச்சில் தாய்லாந்தின் லேம் பாக் பியா கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வளையமிட்டுக்கொண்டிருந்த பிலிப் ரவுண்டின் வலையில் ஒரு விசித்திரமான குருவி விழுந்தது. அலகு நீளம், இறக்கையோ குட்டை. படங்களும் இறகுகளும் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அங்கே ஸ்டாஃபன் பென்ஷ் செய்த டி.என்.ஏ. சோதனை, அது ஹியூமின் இனமே என்று உறுதிசெய்தது. இதற்காக ஒரு பறவையும் சாகவில்லை. இம்முறையின் மிகப் பெரிய பலம் இதுவே.

கையில் பிடித்த பறவையிடம் காண்பவை வேறு எவ்விதத்திலும் கிட்டாதவை. மடிந்த இறக்கையை அளவுகோலில் வைத்து நீளம் பார்க்கலாம். இரண்டாம் முதன்மை இறகின் நுனி எந்த இறகின் நுனியோடு ஒத்திருக்கிறது, எந்த இறகின் ஓரம் குறுகுகிறது என்று எண்ணலாம். ஆனால் இந்த அளவுகளைத் தீர்ப்பாகக் கொள்வது தவறு. தேய்ந்த இறகு நீளத்தைக் குறைத்துக் காட்டும். இறகு உதிர்க்கும் பருவத்தில் வரிசையே குலையும். அளக்கும் கைக்குக் கை வேறுபாடும் உண்டு. அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்த பறவைகளிலேயே இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கிறது. தமிழகத்துக்கும் குளிர்காலத்தில் வரும் பிளித் நாணல் கதிர்க்குருவி போன்ற பிற இனங்களாகப் பெயரிடப்பட்டிருந்த பழைய மாதிரிகளுக்கிடையே பெரிய அலகு நாணல் கதிர்க்குருவியின் பத்துப் பறவைகள் இருந்தது 2008-இல்தான் வெளிப்பட்டது.

வலைக்குள் கிடைக்காத இன்னொரு சான்று பாட்டு. இந்தப் பெரிய அலகு இனத்தின் இனப்பெருக்க இடம் ஆப்கானிஸ்தானின் வாக்கான் பகுதியில் தெரியவந்ததற்கு ராபர்ட் டிம்மின்ஸ் என்பவர் 2008-இல் பதிவுசெய்த குரலே தொடக்கம். மறுஆண்டு வலை விரித்து, இறகு எடுத்து அது உறுதிசெய்யப்பட்டது. காதால் தேடி, கையால் சரிபார்த்த இந்த வரிசையே பிறரும் பின்பற்ற வேண்டியது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. வலையில் சிக்கும் பறவைகளில் சிறு விழுக்காடு காயமடைகின்றன, அதைவிடக் குறைவாகச் சில இறக்கின்றன. வெயிலிலும் மழையிலும் வலையை அடிக்கடி பார்க்காவிட்டால் இழப்பு கூடும். வளையமிட்ட சிறு பாடும் பறவைகளில் மீண்டும் கண்டறியப்படுபவையும் மிகச் சிலவே. ஆகவே, பயிற்சியும் அனுமதியும் இல்லாதவர் வலையைத் தொடவே கூடாது. ஐயத்துக்குரிய பறவை சிக்கினால் இறக்கை, அலகு, வால் அளவுகளையும் தெளிவான படங்களையும் ஓர் இறகையும் பாதுகாத்த பிறகே அதைப் பறக்கவிட வேண்டும். பெயரை மட்டும் ஏட்டில் எழுதிவிட்டு விடுவித்தால், அந்தப் பறவை பட்ட துன்பத்துக்குப் பயனில்லை.