பாலாற்று ஊற்று

நந்தி மலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் தாண்டி வயலூரில் கடலைச் சேரும் பாலாறு, வருடத்தில் பெரும்பாலும் வெறும் மணலாகத்தான் கிடக்கும். இறங்கி நடந்தால்தான் அந்த மணலின் அருமை தெரியும். மலைப்பாறை உடைந்து, உருண்டு, வெள்ளத்தில் அலசப்பட்டு வந்த பருமணல், மிதித்தால் சரக்சரக்கென்னும். சாய்வெயிலில் காக்காப்பொன் துகள்கள் மினுங்கும். மேலே பாதம் சுடும். ஒரு முழம் தோண்டினால் குளிர்ந்து, கறுத்து, கையில் ஒட்டும்.

ஊற்று தோண்டுவது தனி வித்தை. செங்குத்தாகப் பறித்தால் கரை சரியும்; அகலமாகத் தொடங்கிச் சரிவாக இறங்க வேண்டும். முதலில் கசியும் கலங்கலைக் கொட்டாங்குச்சியால் இறைத்துக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கைப்பழக்கம் தெரிவது அங்கேதான். அவசரப்பட்டால் குடத்தில் மணல்தான் சேரும். தோல் பதனிடும் கழிவின் உப்பு இறங்கிய இடங்களில் தண்ணீர் கரித்துவிட்டது, மணலை அள்ளிய இடங்களில் ஊற்றுக்கே வழியில்லை. இரண்டும் பெரிய இழப்பு. மணல் ஆழமாக மிஞ்சிய இடத்தில் நீர் மெல்ல ஏறும், அடியில் ஒவ்வொரு மணியும் தெரிய. பானையில் ஊற்றி வைத்துக் குடித்தால் தொண்டைக்கு இதம். அந்த நீரில் வடித்த சோற்றுக்குத் தனி மணம்.